கிற்றாரின் தந்தி உயரம்

கிற்றார் பழகத் தொடங்குவோருட் பலர் சில கிழமைகளுக்குள் அதனைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு அலுவலைப் பார்க்கப் போய்விடுகின்றனர். காரணம் கேட்டால் இடக்கை விரல் நுனிகளைக் காட்டுவர். சிவந்தும் தடித்தும், சில வேளை தந்தியின் கோடு ஆழப் பதிந்தும் இருக்கும் அவ்விரல்களைப் பார்த்து, நோகாமல் எந்த வித்தையும் வராது என்று பெரியோர் தேற்றுவதுண்டு. அது பாதி உண்மை. உருக்குத் தந்தியை அழுத்திப் பழகாத விரல் முதல் மாதத்தில் நோகத்தான் செய்யும். பின்னர்த் தோல் தடித்து நோவு மறையும். ஆனால் ஆறு மாதம் சென்ற பின்னும் நோவு தீரவில்லை, முதல் மெட்டில் ஆறு தந்திகளையும் ஒரே விரலாற் சேர்த்து அழுத்தும் ‘எஃப்’ என்னும் சுரக்கூட்டு எவ்வளவு முயன்றும் தெளிவாய் ஒலிக்கவில்லை என்றால், குற்றம் பழகுபவரிடத்து அன்று, கருவியிடத்தே இருத்தல் கூடும். தந்தி, மெட்டுக்களுக்கு மேல் அளவுக்கு மிஞ்சி உயர்ந்து நிற்பதே பெரும்பாலும் அக்குற்றம்.

புதிதாய் வாங்கிய மலிவான கருவிகளிலே இது பெரிதும் காணப்படும். தந்தி தாழ்ந்து நின்றால் மெட்டுக்களில் உரசி இரையும். இரையும் கருவியைக் கடையில் எவரும் விரும்பி வாங்கார். ஆகவே தொழிற்சாலையிலிருந்து உயர்த்தியே அனுப்பிவிடுவர் என்பது தொழிலறிந்தோர் கூறும் காரணம். உயர்த்தி அனுப்பியதைத் தாழ்த்திக் கொள்ளலாம் என்பதும், அவ்வாறு தாழ்த்துவது கருவியை வாங்கியவரின் உரிமையும் கடமையும் ஆகும் என்பதும் கடைக்காரர் சொல்லாமல் விடும் செய்திகள்.

வீணையை அறிந்தவர்க்குக் கிற்றாரின் உறுப்புக்களை விளக்குவது எளிது. வீணையின் தண்டிக்கு ஒப்பானது கிற்றாரின் கழுத்து. தண்டியின்மேல் மெட்டுக்கள் இருப்பதுபோலக் கழுத்தின்மேலும் மெட்டுக்கள் உள. தந்திகள் ஒருபுறம் முறுக்காணிகளிலும், மறுபுறம் மேற்பலகையில் ஒட்டிய குதிரையிலும் கட்டப்பட்டிருக்கும். வேற்றுமை ஒன்று உண்டு. வீணையின் 24 பித்தளை மெட்டுக்களும் மெழுகுக் கலவையின்மேல் நிறுத்தப்பட்டவை. மெழுகை இளக்கி அவற்றை உயர்த்தலாம், தாழ்த்தலாம், இடம் பெயர்க்கலாம். கிற்றாரின் மெட்டோ மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அறையப்பட்ட உலோகக் கம்பி. அது அசையாது. ஆகவே கிற்றாரில் மெட்டை விட்டுவிட்டுத் தந்தியையே உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும்.

தந்தியின் உயரத்தை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, தலைப்பக்கத்தில் தந்திகள் பள்ளங்களிற் பதிந்து வரும் சிறு எலும்புக் கட்டை. இதனை ‘நட்’ என்பர். இரண்டாவது, குதிரையின்மேற் செருகப்பட்டுத் தந்திகளைத் தாங்கும் மெல்லிய எலும்புத் தகடு. தமிழர் குதிரை என்று பெயரிட்ட உறுப்பின்மேல் ஆங்கிலேயர் தம் வழக்கில் ஒரு சேணத்தை வைத்திருப்பது இனிய பொருத்தம். அத்தகட்டுக்கு அவர்கள் வழங்கும் பெயர் சேணம் என்றே பொருள்படும். அதனைச் சேணம் என்று சொல்வதிலே தவறில்லை. மூன்றாவது, கழுத்தின் வளைவு. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. ஒன்றை ஆராயாமல் மற்றொன்றில் அரத்தை வைப்பதனாற் கெட்டுப்போன கருவிகள் பல.

கழுத்து ஏன் வளைகிறது? இழுவிசையே காரணம். உருக்குத் தந்தி பூட்டிய கிற்றாரில், மெல்லிய வகைத் தந்திகளாயினும், ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோகிராம் நிறைக்குச் சமமாகக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும். வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அதிலே தொங்குவதற்கு இஃது ஒப்பாகும். நைலோன் தந்திக் கருவியில் இந்த இழுப்பு ஏறக்குறைய 40 கிலோகிராம். ஸ்பானிய நாட்டில் அந்தோனியோ தெ தோரெஸ் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய கிற்றாரின் வடிவத்தை நிலைநாட்டிய காலத்தில் விலங்கின் குடலிலிருந்து செய்த நரம்புகளே வழங்கின. நைலோன் வந்தது 1940களில். போர்க்காலத்தில் நரம்பு கிடைப்பது அரிதானபோது அல்பேட் ஒகஸ்தின் என்னும் கைவினைஞர் அதனை ஆக்கினார். அந்திரேஸ் செகோவியா அதனை ஏற்று வாசித்தார். உருக்குத் தந்தியின் பெருக்கம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. இழுவிசை கூடியதும் கழுத்து வில்லாக வளையத் தொடங்கியது. அதனைத் தடுக்கக் கழுத்தினுள்ளே உருக்குக் கம்பியொன்றைச் செலுத்தி, ஒரு திருகினால் இறுக்கவும் தளர்த்தவும் கூடிய முறையைக் கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த தடியஸ் மக்யூ கண்டார். அதற்கான உரிமைப் பத்திரம் 1923இல் வழங்கப்பட்டது. 1833இல் ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற மாட்டின் குடும்பத்தாரின் புகழ்பெற்ற தொழிற்சாலையோ 1985 வரை அத்தகைய திருகுகம்பியை ஏற்காமலே கருவிகள் செய்துவந்தது.

அவ்வாறாயின் தந்தியை மெட்டோடு மெட்டாக ஒட்ட வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மீட்டிய தந்தி நேர்கோடாய் நில்லாது. அது நடுவிற் பருத்து இருமுனையிலும் ஒடுங்கிய உருவில் அதிரும். அந்த அதிர்வுக்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிடின் முன்னுள்ள மெட்டுக்களில் தந்தி தட்டி இரையும். பருத்த தந்தி அகல அதிரும்; மெல்லியது குறைவாக அதிரும். ஆதலால் பருத்த தந்திகளின் பக்கம் சற்று உயர்ந்தும், மெல்லியவற்றின் பக்கம் தாழ்ந்தும் இருத்தல் முறை. வலுவாக மீட்டுபவர்க்குச் சற்று உயரம் வேண்டும். விரல் நுனியால் மென்மையாய் வாசிப்பவர் மிகத் தாழ்த்திக் கொள்ளலாம். பைலாப் பாட்டுக்கு இரவு முழுதும் ஓங்கித் தட்டுபவரின் கருவியையும், தனியறையில் மெல்லிசை பழகுபவரின் கருவியையும் ஒரே அளவில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

தந்தி மிக உயர்ந்து நின்றே தீர வேண்டிய கிற்றாரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவிலே ஜோசப் கெக்குக்கு என்பவர் கருவியை மடிமேற் கிடத்தி, தந்திகளை உயர்த்தி, உருக்குத் துண்டொன்றை அவற்றின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். அங்கே மெட்டை எவரும் தொடுவதில்லை. கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு அந்த வழுக்கோசை புதிதன்று. பழைய ஹவாய்க் கிற்றாரை விரலால் அழுத்தி வாசிக்க முற்பட்டு, தமக்கு வித்தை வராது என்று மனம் உடைவோர் இருப்பின், அவர் முதலில் அதன் நட்டைப் பார்த்தல் வேண்டும்.

இனி அளவைக் கவனிக்கலாம். தந்தியின் உயரம் 12ஆம் மெட்டிலே அளக்கப்படும். அது நட்டுக்கும் சேணத்துக்கும் நடுவிடம். தந்திகளைச் சுருதிக்குச் சரியாகக் கூட்டி, கருவியை வாசிக்கும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடைப்பட்ட வெளியை அளத்தல் வேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் கருவியின் பாரமே அளவைச் சிறிது மாற்றிவிடும். உருக்குத் தந்திக் கிற்றாரில் மிகப் பருத்த தந்திக்கு ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றரும், மிக மெல்லிய தந்திக்கு 1.6 மில்லிமீற்றரும் நடுத்தரமான அளவுகள். நைலோன் தந்தி தளர்ந்து அகல அதிர்வதால் முறையே 4, 3 மில்லிமீற்றர் வேண்டும். நுண்ணிய அடிமட்டம் இல்லாதவர்க்கு ஒரு வழி உண்டு. வங்கி அட்டைகளின் தடிப்பு எங்கும் ஒன்றே, அது 0.76 மில்லிமீற்றர். மூன்று அட்டைகளை அடுக்கி 12ஆம் மெட்டின்மேல் வைத்துப் பருத்த தந்தியின்கீழ்ச் செருகினால் மட்டுமட்டாய் நுழைய வேண்டும். மெல்லிய தந்தியின்கீழ் இரண்டு அட்டைகள் நுழைந்தாற் போதும். ஐந்து அட்டைகள் தாராளமாய் நுழையும் உருக்குத் தந்திக் கருவியிலே பிள்ளைகளைப் பழக்குவது அவர்களைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும்.

அளவு மிகுந்திருப்பது தெரிந்தவுடன் சேணத்தைக் கழற்றித் தேய்க்க முற்படுதல் கூடாது. முதலிற் கழுத்தைப் பார்த்தல் வேண்டும். பருத்த தந்தியை ஒரு கையால் முதல் மெட்டிலும், மறு கையால் கழுத்து உடலோடு சேரும் 14ஆம் மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், அந்தத் தந்தியே நேர் விளிம்பாகிவிடும். இப்பொழுது 6ஆம் 7ஆம் மெட்டுக்களின் அருகே தந்திக்கும் மெட்டுக்கும் இடையில் மிகச் சிறிய வெளி தெரிய வேண்டும். சாதாரண எழுதுதாள் ஒன்று அல்லது இரண்டின் தடிப்புப் போதும். வெளியே இல்லையாயின் கழுத்து மிக நேராகவோ பின்புறம் வளைந்தோ இருக்கின்றது. முதற் சில மெட்டுக்களில் இரைச்சல் எழும். நான்கு ஐந்து தாள்கள் நுழையுமாயின் கழுத்து முன்னோக்கி வளைந்துவிட்டது. திருகுகம்பி உள்ள கருவிகளின் பொதுவான அமைப்பில், அறுகோணச் சாவியை வலஞ்சுழியாகத் திருப்பினால் கழுத்து நேராகும். இடஞ்சுழியாகத் திருப்பினால் வளைய இடங்கொடுக்கும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்புதல் தகாது. திருப்பிய பின் மீண்டும் சுருதி கூட்டி அளந்து பார்த்தல் வேண்டும். சாவி இறுகி நின்றால் வலிந்து முறுக்குபவர் கம்பியை முறிப்பர். முறிந்த கம்பியை மாற்றுவது விரற்பலகையைப் பெயர்க்கும் பெரிய வேலை. பழைய நைலோன் தந்திக் கருவிகள் பலவற்றில் இந்தக் கம்பியே இராது.

அடுத்து நட். இங்கேதான் பழகுவோரின் துன்பம் பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றது; ஆயினும் எல்லோரும் குதிரைப் பக்கத்தையே நோக்குகின்றனர். துணி காயவிடும் கொடியை எண்ணிப் பார்க்கலாம். கொடியின் நடுவில் ஒரு விரலை வைத்து அழுத்தினால் அது எளிதில் தாழும். கொடி கட்டிய மரத்தின் அருகே அதே அளவு தாழ்த்த முழங்கையின் பலமும் போதாது. தந்தியும் அத்தகையதே. நட்டிலிருந்து சேணம்வரை 650 மில்லிமீற்றர் உள்ள கருவியில் முதல் மெட்டு நட்டிலிருந்து ஏறக்குறைய 36.5 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும். முழு நீளத்தை 17.817 என்னும் எண்ணால் வகுக்கக் கிடைப்பது இத்தூரம். வானியலறிஞர் கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ 1581இல் வெளியிட்ட இசைநூலில் 18ஆல் வகுக்கும் முறையைக் கூறினார். அவர் கணக்குக்கும் இன்றைய கணக்குக்கும் முதல் மெட்டில் அரை மில்லிமீற்றர் வேறுபாடும் இல்லை. நட்டுக்கு இவ்வளவு அண்மையில் அழுத்தும்போது, அரை மில்லிமீற்றர் உயரத்தைத் தாழ்த்த வேண்டிய விசை, 12ஆம் மெட்டில் 2.4 மில்லிமீற்றரைத் தாழ்த்த வேண்டிய விசைக்கு ஏறக்குறையச் சமம். நட்டில் இன்னுமொரு அரை மில்லிமீற்றர் கூடி இருந்தால் விரலுக்கு இரட்டிப்பு வேலை. பழகத் தொடங்குவோரின் சுரக்கூட்டுக்கள் யாவும் முதல் மூன்று மெட்டுக்களிலேயே அமைந்தவை என்பதையும் கருதினால், அவர் படும் பாடு விளங்கும்.

துன்பம் விரலுக்கு மட்டும் அன்று, காதுக்கும் உண்டு. உயர்ந்து நிற்கும் தந்தியை அழுத்தும்போது அது மேலும் நீண்டு இறுகும், சுருதி ஏறும். வெறுந்தந்தியாய் ஒலிக்கும்போது சரியாக இருந்த கருவி, முதல் மெட்டுக்களில் அழுத்தியதும் அபசுரம் பேசும். காது நுண்மையான மாணவர் தம் காதையே ஐயுற்று மீண்டும் மீண்டும் முறுக்காணியைத் திருப்பிக் களைப்பர்.

நட்டைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. தந்தியை 2ஆம் 3ஆம் மெட்டுக்களுக்கு இடையே அழுத்திப் பிடித்து, முதல் மெட்டின்மேல் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள வெளியைப் பார்த்தல் வேண்டும். தலைமயிர் அளவு வெளி தெரிந்தாற் சரி. ஒளி தாராளமாகத் தெரிந்தால் பள்ளம் ஆழம் போதாது. முதல் மெட்டில் ‘கேப்போ’ என்னும் கவ்வியைப் பூட்டி வாசிக்கும்போது கருவி திடீரென்று எளிதாகிவிடுமாயின், குற்றம் நட்டில்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பள்ளத்தை ஆழமாக்குவதற்கு அந்தந்தத் தந்தியின் பருமனுக்கு ஏற்ற மெல்லிய அரம் வேண்டும். தலைப்பக்கமாகச் சரித்து, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை தந்தியைப் பூட்டிச் சோதித்துக்கொண்டே அராவுதல் வேண்டும். ஓரிழுப்பு மிஞ்சினால் வெறுந்தந்தி முதல் மெட்டில் உரசி இரையும். பிறகு எலும்புத் தூளும் பசையும் இட்டு நிரப்புவதோ புதிய நட் வைப்பதோதான் வழி. கைப்பழக்கம் இல்லாதவர் இந்த ஒரு வேலையைத் தேர்ந்த கைவினைஞரிடம் விட்டுவிடுதல் நலம்.

சேணத்தைத் தாழ்த்துவது இவற்றுள் எளியது; பொறுமையுள்ள எவரும் வீட்டிலே செய்யத் தக்கது. இங்கே நினைவிற் கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றே. ஏணியொன்றைக் கிடையாகப் பிடித்து அதன் ஒரு நுனியை மட்டும் ஓரடி தாழ்த்தினால் நடுப்படி அரையடியே தாழும். அவ்வாறே 12ஆம் மெட்டில் எவ்வளவு குறைய வேண்டுமோ அதன் இரட்டிப்பைச் சேணத்தில் குறைத்தல் வேண்டும். பருத்த தந்தி 3.2 மில்லிமீற்றரும் மெல்லிய தந்தி 2.4 மில்லிமீற்றரும் இருக்கும் கருவியை முன் கூறிய அளவுக்குக் கொண்டுவர இரு பக்கமும் 0.8 குறைய வேண்டும், சேணத்தில் 1.6 மில்லிமீற்றர் தேயவேண்டும். இந்தக் கணக்கை அறியாதவர் 0.8 தேய்த்துப் பார்த்துப் பயன் போதாமற் சலிப்பர், அது பெருங்கேடன்று. கணக்கைத் தலைகீழாய் எண்ணி மிகையாய்த் தேய்ப்பவர்க்கே கேடு.

தந்திகளைத் தளர்த்திக் கழற்றியபின், சேணத்தின் எப்பக்கம் பருத்த தந்திக்குரியது என்று பென்சிலால் குறியிட்டு வெளியே எடுத்தல் வேண்டும். அதன் மேல்விளிம்பைத் தொடுதல் ஆகாது. ஒவ்வொரு தந்தியின் சுருதிக்கும் ஏற்ப அங்கே சிறு சரிவுகள் அமைக்கப்பட்டிருக்கும். அடிவிளிம்பில்தான் குறைக்க வேண்டும். தேய்க்க வேண்டிய அளவைப் பென்சிற் கோடாக வரைந்து, கண்ணாடித் தட்டின்மேல் ஒட்டிய அரத்தாளில், சேணத்தை நிமிர்த்திப் பிடித்து, ஒரே சீராக உரைத்துச் செல்லுதல் வேண்டும். கை சரிந்தால் அடி உருண்டுவிடும், உருண்ட அடி குதிரையின் பள்ளத்திற் செவ்வையாய்ப் படியாது, ஒலி மங்கும். கோட்டை எட்டும்வரை நில்லாமல் பாதியிலே நிறுத்தி, மீண்டும் பூட்டிச் சுருதி கூட்டி அளந்து பார்ப்பதே தொழில் முறை. எல்லாம் முடிந்தபின் சேணம் குதிரைக்கு மேல் 3 மில்லிமீற்றர் அளவாவது எழுந்து நிற்பது நன்று. அதிலும் தாழ்ந்தால் தந்தி அதன்மேல் மடிந்து இறங்கும் கோணம் குறைந்து, அழுத்தமும் ஒலியும் குறையும். கூடுமாயின் பழைய சேணத்தைத் தொடாமற் பேணி வைத்துவிட்டு, புதிதாக ஓர் எலும்புத் தகட்டை வாங்கி அதனையே தேய்ப்பது இன்னும் நல்லது. தேய்ந்த எலும்பு மீண்டும் வளராது.

தகட்டைத் தாழ்த்த இடமில்லாத அளவுக்குச் சேணம் ஏற்கெனவே தாழ்ந்தும், தந்தி இன்னும் உயர்ந்தும் இருக்கும் கருவிகளும் உண்டு. நேரான நீண்ட அடிமட்டத்தை மெட்டுக்களின்மேல் கிடத்திக் குதிரைவரை நீட்டினால் அதன் நுனி குதிரையின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அது குதிரையின் முகத்தில் இடித்தால், ஆண்டுக்கணக்கான இழுப்பினாற் கழுத்தின் கோணமே மாறிவிட்டது என்பது பொருள். கழுத்து மூட்டை நீராவியால் இளக்கிப் பெயர்த்து, சீவி, மீண்டும் ஒட்டுவதே அதற்கு மருந்து. நல்ல பழைய கருவிக்கு அந்தச் செலவு தகும். மலிவான கருவிக்குத் தகாது. அதனை வழுக்கி வாசிக்கும் முறைக்கு ஒதுக்கிவிடலாம்.

இலங்கையில் உள்ளோர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். கிற்றாரின் மேற்பலகை இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள மென்மரம். மேல்நாட்டுத் தொழிற்சாலைகள் காற்றின் ஈரப்பதன் 45 முதல் 50 சதவீதமாக உள்ள அறைகளிலே கருவிகளை ஆக்குகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணக் கரையிலும் காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியில் அதனைவிட மிக அதிகம். மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், மேற்பலகை குதிரையோடு சேர்ந்து மேலே பொங்கும், தந்தியும் உயரும். குளிரூட்டிய கடையிலே விரலுக்கு இதமாய் இருந்த கருவி, வீட்டுக்கு வந்து ஒரு மாரி கழிந்ததும் முரடாகிவிடுவது இதனாலேயே. விற்றவர் ஏமாற்றினார் என்று சினப்பதற்கு முன் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். ஆகவே வாங்கிய அன்றே சேணத்தைத் தேய்த்தலும் கூடாது. கருவி வீட்டுக் காற்றோடு சில கிழமைகள் இருந்து பழகிய பின்னரே அளத்தல் வேண்டும். மாரியில் அளந்து தேய்த்தவர், பின்பு அதே கருவியைக் குளிரூட்டிய அறையில் வைத்து வாசிக்க நேர்ந்தால், மரம் உலர்ந்து சுருங்கித் தந்தி தாழ்ந்து இரையக் காண்பர். இதற்காகவே அனுபவமுள்ள வாசிப்பாளர் சிலர் உயரம் சற்று வேறுபட்ட இரு சேணங்களைச் செய்து, ஒன்றைக் கருவியிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வைத்திருந்து, காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றனர். மாற்றுவதற்குத் தந்திகளைத் தளர்த்தி மீண்டும் கூட்டும் நேரமே செல்லும்.